மெத்தை உறையா, லினனா, ஜீன்ஸா? ரைஃபிள் பேட்சுக்கு எந்தத் துணி?

அமெரிக்காவில் கருமருந்து ரைஃபிள் (வெடிமருந்தையும் ஈயக் குண்டையும் குழல் வாய் வழியே இறக்கிச் சுடும் பழைய வகைத் துப்பாக்கி) சுடுகிறவர்கள், குறி சிதறினால் முதலில் மருந்தின் அளவைத்தான் கூட்டிக் குறைப்பார்கள். என்னைக் கேட்டால், முதலில் பேட்சை, அதாவது குண்டைச் சுற்றி வைத்து இறக்கும் எண்ணெய் தடவிய துணித் துண்டைப் பார்க்க வேண்டும்.

பென்சில்வேனியா நீள ரைஃபிள் மாதிரியான துப்பாக்கியில் குழலுக்குள் சுற்றிச் செல்லும் வரிப்பள்ளங்கள் உண்டு. ஈய உருண்டை அவற்றை நேரடியாகப் பிடிப்பதில்லை. அதைச் சுற்றியிருக்கும் பேட்ச்தான் பள்ளத்தைக் கவ்விக் குண்டைச் சுழற்றுகிறது. பின்னாலிருந்து வரும் வாயுவையும் அதுதான் அடைக்கிறது. 0.50 அங்குலக் குழலுக்கு வழக்கமாக 0.490 அங்குலக் குண்டு. அப்படியென்றால் பக்கத்துக்கு 0.005 அங்குலம்தான் இடைவெளி. 0.015 அங்குலத் துணி அங்கே நன்றாக நசுங்கி, பள்ளங்களிலும் போய் நிரம்ப வேண்டும்.

பலரும் தொடங்குவது மெத்தை, தலையணை உறைக்கான கோடு போட்ட டிக்கிங் துணியில். நெசவு நெருக்கம், தடிமன் ஏறக்குறைய 0.015 முதல் 0.018 வரை, விலையும் குறைவு. புதுத் துணியில் கஞ்சி இருக்கும். துவைத்துக் காயவைத்த பிறகே எண்ணெய் போட வேண்டும்.

லினன் அதைவிட உறுதி, சீக்கிரம் கிழியாது. ஆனால் விலை கூடுதல், ஒரே தடிமனில் கிடைப்பதும் பாடு. டிக்கிங் கிழிகிறது என்று தெரிந்த பிறகு லினனுக்குப் போனால் போதும்.

ஜீன்ஸ் துணி 0.020ஐத் தாண்டும். ஆழமான பள்ளம் இருந்தாலோ, குண்டு ஓர் அளவு சிறிதாக இருந்தாலோ அருமையாக உட்காரும். இல்லையென்றால் குண்டை இறக்குவதற்குள் கை ஓய்ந்துவிடும். ஸ்ட்ரெட்ச் ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். பாலியஸ்டர் கலந்திருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி நுனியில் கெட்டி மணியாகத் திரளும். குழலுக்குள்ளும் அதேதான் நடக்கும். பனியன் துணியும் வேலைக்கு ஆகாது, இழுத்த பக்கமெல்லாம் நீளும்.

சரி, எது தோற்கிறது என்று எப்படித் தெரியும்? ரேஞ்சில் சுடுவதை நிறுத்திய பிறகு போய், குழலுக்கு முன்னால் சில கஜ தூரத்தில் கிடக்கும் பேட்சுகளைப் பொறுக்குங்கள். சில சமயம் கனன்றுகொண்டே விழும், காய்ந்த புல் இருந்தால் கவனம். நல்ல பேட்ச் முழுசாக இருக்கும். நடுவில் லேசான கருக்கல், சுற்றிலும் பள்ளங்களின் தடம், ஓரத்தில் கொஞ்சம் பிசிறு. நடுவில் எரிந்து ஓட்டை விழுந்திருந்தால் எண்ணெய் போதவில்லை, அல்லது துணி மெலிசு. குண்டு உட்கார்ந்த வட்டத்தைச் சுற்றிக் கருகியிருந்தால் வாயு கசிகிறது. தடிமனை ஒரு படி ஏற்றுங்கள். அதே வட்டத்தில் பிளேடால் கீறியது போல நேர்த்தியான வெட்டுகள் தெரிந்தால் துணியைக் குறை சொல்லாதீர்கள். புதுக் குழலின் வரிமேடுகளோ (பள்ளங்களுக்கு இடையிலுள்ள மேடுகள்) வாய் விளிம்போ கூராக இருக்கிறது. லினனே போட்டாலும் வெட்டும். மெல்லிய உப்புத்தாளைக் குழல் வாயின் மேல் வைத்து, கட்டை விரலால் அழுத்தித் திருப்பித் திருப்பித் தேய்த்தால் விளிம்பு மழுங்கும்.

எண்ணெயைப் பொறுத்தவரை, இலக்கு நோக்கிச் சுடும்போது எச்சிலே போதும், பழைய ஆட்கள் அப்படித்தான் செய்தார்கள். வேட்டைக்குக் கெட்டித்துக்கொண்டு மணிக்கணக்கில் நடப்பவருக்கு அது உதவாது: எச்சில் காய்ந்துவிடும், அதற்குள் மருந்தும் ஈரமாகும். அங்கே தேன்மெழுகும் கொழுப்பும் கலந்த பசைதான் சரி. பெட்ரோலிய எண்ணெய் கருமருந்தோடு சேர்ந்தால் குழலில் தாராகப் படியும், தவிர்ப்பது நல்லது.

கடையில் எண்ணெய் தடவியே விற்கும் வட்டங்கள் வசதிதான். ஆனால் வருஷக்கணக்கில் டப்பாவில் கிடந்தவை இற்றுப்போயிருக்கும். வாங்கியதும் ஒன்றை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். சுலபமாகக் கிழிந்தால் அந்த டப்பாவைக் குழல் துடைக்க வைத்துக்கொள்ளலாம்.