சீனி வருத்தக்காரருக்கு கிட்னி பாக்க எது நல்லம், கிரியற்றினினா யூரின் அல்புமினா?

அம்மாக்கு சீனி வருத்தம் வந்து 11 வருசம். போன வருசம் இந்த ரெண்டு டெஸ்டுக்கும் கல்லடிக்கும் மட்டக்களப்பு டவுனுக்குமா ஓடித்திரிஞ்சதுல எனக்கு விளங்கினத எழுதுறன். நான் யூரின் அல்புமின் பக்கம்தான், முதல்லயே சொல்லிப்போடுறன்.

கிரியற்றினின் லேசு. ரத்தம் குடுத்தா பின்னேரம் ரிப்போட், சின்ன லெப்லயும் செய்யலாம், காசும் குறைவு. யூரின்ல பாக்கிற அல்புமின் கிரியற்றினின் ரேஷியோ, ஏசிஆர் எண்டு துண்டுல எழுதுவாங்க, அதுக்கு கூடக் காசு, நாங்க குடுத்த லெப்ல சாம்பிள வெளிய அனுப்பித்தான் செய்தாங்க, ரெண்டு நாள் காத்திருந்தம்.

ஆனா எது முந்திச் சொல்லுது எண்டதுதான் எனக்கு முக்கியமாப் பட்டது. அம்மாட கிளினிக் கொப்பியப் புரட்டினா வருசா வருசம் கிரியற்றினின் 0.8 mg/dL, 0.8, மறுகாலும் 0.8. "ஒண்டும் இல்ல மனே, நோர்மல் எண்டுதானே கிடக்கு" எண்டு அம்மாவும் சொல்லுவா, நாங்களும் நிம்மதியா இருந்தம். கிரியற்றினின் எண்டது தசையில இருந்து வாற கழிவு. அம்மா மெலிஞ்ச ஆள், 62 வயசு, உடம்புல தசையே குறைவு, அப்ப கிட்னி பழுதாகத் தொடங்கினாலும் அந்த நம்பர் கெதியில ஏறாது, கிட்னிட வேலை பாதிக்குக் கிட்டக் குறைஞ்ச பிறகும் சில பேருக்கு நோர்மல் எண்டே காட்டும். கணக்குப் போட்டுப் பாருங்க, 62 வயசுப் பொம்பிளைக்கு 0.8 எண்டா ஈஜிஎஃப்ஆர் (கிட்னி ரத்தத்த வடிக்கிற அளவு) 83 கிட்ட வரும், 1.1 எண்டா 57 கிட்ட. 60க்குக் கீழ மூணு மாசத்துக்கு மேல நிண்டா நாட்பட்ட கிட்னி வருத்தம். ஆனா 1.1ஐயும் நோர்மலுக்குள்ள போடுற லெப் இருக்கு. அதால கிரியற்றினின் மட்டும் செய்றவங்க தனி நம்பரோட வராம ஈஜிஎஃப்ஆர் எவ்வளவு எண்டும் கேளுங்க.

யூரின் டெஸ்ட் வேற மாதிரி. சீனியும் பிறசரும் கூடிக்கூடி கிட்னில உள்ள வடி பழுதாகேக்க அல்புமின் எண்ட புரதம் கொஞ்சம் கொஞ்சமா யூரின்ல கசியும், கனபேருக்கு கிரியற்றினின் ஏறுறதுக்கு வருசக்கணக்குக்கு முந்தியே இது தொடங்கிரும். ஏசிஆர்ல ஒரு கிராம் கிரியற்றினினுக்கு அல்புமின் 30 மில்லிகிராமுக்குக் கீழ எண்டா நல்லம், 30ல இருந்து 300 வரை ஆரம்பக் கசிவு, அதுக்கு மேல பெரிய கசிவு. சாதாரண யூரின் ஃபுல் ரிப்போட்ல அல்புமின் நில் எண்டு இருந்தா நம்பி இருந்திராதீங்க, சின்னக் கசிவு அதுல பிடிபடாமப் போகும். எங்களுக்கு நில் எண்டுதான் இருந்தது.

முதல்முறை ஏசிஆர் 142 வந்து வீடே பயந்து போச்சு. மறுகாதான் யோசிச்சுப் பாத்தா, ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு அம்மா கல்லடில இருந்து வெயிலுக்க நடந்தே போய்வந்து அடுத்தநாள் விடியத்தான் சாம்பிள் குடுத்தது. கடும் நடை, காய்ச்சல், யூரின்ல கிருமி, சீனி பிறசர் எக்கச்சக்கமா ஏறி நிக்கிறது, எல்லாத்துக்கும் இது கூடிக் காட்டும். அதால மூணு ஆறு மாசத்துக்குள்ள மூணு தரம் செய்து ரெண்டுலயாவது கூட இருந்தாத்தான் உறுதி எண்டு டொக்டர் சொன்னார். பிறகு 64, 58. கசிவு உண்மைதான். லொசாட்டன் எண்ட பிறசர் மருந்து தொடங்கினாங்க, பிறசர இறுக்கிப் பிடிச்சாங்க, போன மாசம் 37. இவ்வளவு நடந்தும் கிரியற்றினின் 0.8ல இருந்து 0.9 மட்டும்தான், அதுவும் லொசாட்டன் போட்ட பிறகு கொஞ்சம் ஏறுறது வழமையாம், ஆனா பொட்டாசியத்தோட சேத்துப் பாக்கச் சொன்னார். கிரியற்றினின மட்டும் நம்பியிருந்தா இந்த மருந்து எங்களுக்கு எத்தின வருசம் பிந்தியிருக்குமோ.

அதுக்காக ரத்த டெஸ்ட விடவும் ஏலாது. அல்புமின் கசியாமலே வடிக்கிற அளவு குறையிற சீனி வருத்தக்காரரும் இருக்காங்க. அம்பாறைல தெஹியத்தகண்டிய பக்கம் காரணம் தெரியாத கிட்னி வருத்தம் கன நாளா இருக்கு, அதுல யூரின்ல புரதம் பெரிசாப் போகாது. அது கூட வாறது வயல் செய்றவங்களுக்கு, அதால வயல்காரக் குடும்பங்கள் ரெண்டையும் செய்றதுதான் நல்லம்.

சிஸ்டற்றின் சி எண்டு தசையோட அவ்வளவு சம்பந்தமில்லாத ரத்த டெஸ்ட் ஒண்டும் இருக்கு, மெலிஞ்ச ஆக்களுக்குப் பொருத்தம், ஆனா தைரொய்ட் வருத்தமும் ஸ்டீரொய்ட் மருந்தும் அத மாத்தும். நாங்க செய்யல்ல, அதால அதப்பத்தி கூடச் சொல்ல மாட்டன். யூரின்ல உள்ள சின்னச் சின்ன மெற்றபொலைட்டுகள (உடம்புக்குள்ள நடக்கிற வேலைகள்ல உண்டாகிற பொருள்கள) அளந்து பாக்கிறதும் வருது, 2013ல சீனியும் கிட்னி வருத்தமும் உள்ள ஆக்கள்ற யூரின்ல 13 பொருள் குறைஞ்சிருக்கிறதக் கண்டாங்க, கலத்துக்க சக்தி உண்டாக்கிற மைற்றோகொண்ட்ரியா சோர்ந்து போறத அது காட்டுதாம். அது இன்னும் ஆராய்ச்சிதான், கிளினிக்ல கேட்டு எடுக்கிற டெஸ்ட் இல்ல.

இப்ப எங்கட வீட்டுல முதல்நாள் ராவே போத்தலுக்குப் பேர் எழுதி பாத்றூம் ஜன்னல்ல வச்சிருவம், விடிய எழும்பி முதல் போற யூரின்தான் எடுக்கிறது, எடுத்த கையோட லெப்புக்குக் கொண்டு போறது. அடுத்தது பொங்கல் முடிய, ரத்தமும் அண்டைக்கே.