கெப்போங் காட்டுக் கிளிகளும் என் 8×42 பைனாகுலரும்

காட்டுக் கிளி பார்க்க ஆசைப்படுகிறவர்களிடம், கேமரா வாங்குமுன் ஒரு நல்ல 8×42 பைனாகுலர் (8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம்) வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். பல வருடங்களாக கெப்போங் ஃப்ரிம் (மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம்) காட்டில் அதையும் கேமராவுக்கான 150-600 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு நடக்கிறேன். அதிகம் உழைப்பது பைனாகுலர்தான். (வெள்ளீயம் தோண்டிப் பாழாய்க் கிடந்த நிலத்தில் 1920-களிலிருந்து நட்டு வளர்த்த காடு இது. 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது அவ்வளவு சந்தோஷம் எனக்கு.)

காரணம் வெளிச்சம். 42-ஐ 8-ஆல் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 10×42-இல் அது 4.2 தான். காலை ஏழரைக்கு மரநிழலில் இந்த வித்தியாசம் பளிச்செனத் தெரியும். மலாயில் செரிண்டிட் எனப்படும் குட்டிக்கிளி சுமார் 12 சென்டிமீட்டர்தான். உடம்பெல்லாம் இலைப் பச்சை. தலைகீழாகத் தொங்கிப் பூவைக் குடையும்போது ஆணின் தொண்டைச் சிவப்பு கண்ணில் பட்டால்தான் கிளி என்றே புரியும். முதலில் காதுக்கு வேலை. உச்சியில் கீச்சென்று மெல்லிய குரல் கேட்டதும், பூத்த மரத்தையோ பழுத்த அத்தியையோ தேடி அதன் கீழே காத்திருப்பேன். குரலைப் பதிவு செய்து ஒலிக்கவிட்டு வரவழைப்பது எனக்கு அறவே பிடிக்காது.

ஜூம் லென்ஸ் 600-இல் எஃப் 6.3 தான், அதாவது உள்ளே விடும் வெளிச்சம் குறைவு. காட்டுக்குள் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) 3200-க்குக் கீழே இறங்குவதே அரிது. வெள்ளை வானத்தின் முன் உட்கார்ந்த கிளி கறுப்பாகவே விழும். அதனால் எக்ஸ்போஷரை ஒன்று, ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இருமடங்கு வெளிச்சம்) ஏற்றிக்கொள்கிறேன். வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். கிட்டத்தட்ட 2 கிலோ கனம், அதனால் மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) இல்லாமல் போவதில்லை. ஆனால் செம்பனைத் தோட்ட ஓரங்களில் நீள்வால் கிளிக்கு இது அருமை. பட்ட மரப் பொந்தில் கூடு இருந்தால் தள்ளி நின்றே எடுக்கலாம். ஆணின் சிவந்த அலகு அங்கிருந்தே தெரியும்.

அப்புறம் ஈரம். ஏர்கோன் காரிலிருந்து எடுத்தவுடன் கண்ணாடி வேர்த்துவிடும். பையைத் திறக்காமல் கொஞ்ச நேரம் வெளியே வையுங்கள். வீட்டில் டிரை கேபினட் (ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அலமாரி) கட்டாயம். ஈரப்பதத்தை 40, 50 சதவீதத்தில் வைத்தால் பூஞ்சை அண்டாது. பைனாகுலர் வாங்கும்போது நைட்ரஜன் அடைத்த, நீர்புகாத மாடலாகக் கேளுங்கள். உள்ளே ஆவி பிடிக்காது.