புரட்டாசி வானத்துக்கு எது: 10×50 பைனாகுலரா, 6 அங்குல டாப்சோனியனா?

ஒரு பருவமழை ஓய்ந்து அடுத்தது பிடிக்கும் முன் மேகம் விலகித் தரும் சில மணி நேரங்கள்தான் புரட்டாசியில் நமக்குக் கிடைக்கும் வானம். சாய்ந்தரம் தென்மேற்கில் தனுசு ராசிப் பக்கத்துப் பால்வெளி, இரவு ஏற ஏறக் கிழக்கிலிருந்து பெகாசஸ் சதுரம் (நம் கணக்கில் பூரட்டாதியும் உத்திரட்டாதியும்), அதை ஒட்டி ஆண்ட்ரோமெடா. 2026-இல் சனியும் உண்டு; அக்டோபர் 4 அன்று சூரியனுக்கு நேர் எதிரே வருவதால் இரவு முழுக்கத் தெரியும்.

விலை, எடை பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 10×50 பைனாகுலர் (10 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 50 மி.மீ.) ஒரு கிலோவுக்குள் அடங்கும், விலையும் குறைவு. டாப் (டாப்சோனியன்: 6 அங்குலக் குழிகண்ணாடி கொண்ட, அடிப்பலகைமேல் திரும்பும் தொலைநோக்கி) அடிப்பலகையோடு சுமார் 15 கிலோ. மொட்டைமாடிக்கு இரண்டு நடை.

ஆண்ட்ரோமெடா கேலக்ஸியில் பைனாகுலரே ஜெயிக்கும். அதன் நீளம் 3 பாகை. 10×50-இல் 6 பாகைக்கு மேல் விரியும் பார்வைக்குள் முழுதாக உட்காரும். டாப்பில் 25 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) போட்டால் 48 மடங்கு, பார்வை ஒரு பாகைதான். நடுப்பகுதி மட்டும் தெரியும். சனியில் கதை தலைகீழ். பத்து மடங்கில் அது நீள்வட்டப் புள்ளி, அதுவும் முக்காலி இல்லாவிட்டால் கை நடுக்கத்தில் கரைந்துவிடும். டாப்பில் 10 மி.மீ. போட்டு 120 மடங்கில் பார்த்தால் வளையம் தனியே பிரியும், பக்கத்தில் அதன் நிலவு டைட்டன். தனுசு ராசியில் உள்ள எம்22 விண்மீன் கொத்தும் டாப்பில்தான் தனித்தனி விண்மீன்களாக உடையும்.

நான் டாப் பக்கம் சாய்வதற்குக் காரணம் இதெல்லாம் அல்ல, பூஞ்சை. நம் ஊர் ஈரத்தில் எந்த ஒளிக்கருவிக்கும் எமன் அதுதான். பனி படிந்த கருவிக்கு அப்படியே மூடி போட்டால் ஈரம் உள்ளேயே தங்கி, சில வாரங்களில் நூல் நூலாகப் படரும். பைனாகுலரில் அது முப்பட்டகத்துக்குள் போய்விட்டால் வீட்டில் பிரிக்க வழியில்லை. பிரித்தால் இரு குழல்களின் நேர்க்கோடு குலைந்து பிம்பம் இரண்டாகும். விலை குறைந்த கருவிக்கு ரிப்பேர் செலவு கட்டுபடியாகாது.

டாப்பின் கண்ணாடியைக் கழற்றிக் கழுவலாம். முதலில் ஊதி தூசியை எடுக்க வேண்டும். குழாய்த் தண்ணீரை மெதுவாக ஓடவிட்டு, ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு கலந்த நீரில் ஊறிய பஞ்சை அதன் எடையிலேயே இழுக்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் அலுமினியப் பூச்சில் கீறல் விழும். கடைசி அலசலுக்குப் போர் தண்ணீர் கூடாது, உப்புத் திட்டு நிற்கும். பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டர் போதும். சாய்த்து நிறுத்தி உலர்த்த வேண்டும். இதை மாதாமாதம் செய்யக் கூடாது. கொஞ்சம் தூசியால் படம் கெடாது.

மாட்டியபின் கொலிமேஷன், அதாவது கண்ணாடிகளை ஒரே நேர்க்கோட்டுக்குக் கொண்டுவருவது. நடுவே துளையிட்ட மூடியை ஐபீஸ் இடத்தில் போட்டு, அதன் வழியே பார்த்தபடி முதலில் சிறிய கண்ணாடியின் மூன்று திருகுகளையும், பிறகு அடியில் பெரிய கண்ணாடியின் மூன்று திருகுகளையும் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். ஒரு விண்மீனைக் குவியம் தப்பவிட்டால் வளையங்கள் ஒரே மையத்தில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கினால் வேலை முடியவில்லை.

பூஞ்சை வராமல் தடுப்பதில் பைனாகுலருக்குத்தான் வசதி: காற்றுப்புகா டப்பாவில் சிலிகா ஜெல்லோடு போட்டு மூடலாம், டாப்பின் 1.2 மீட்டர்க் குழலை அப்படி வைக்க முடியாது. அதை மின்விசிறியடியில் உலரவிட்டு மூடி, ஐபீஸ்களை மட்டும் டப்பாவில் வைக்கலாம். பைனாகுலர்தான் என்று முடிவானால் நைட்ரஜன் நிரப்பிய, நீர் புகாத வகையை வாங்குங்கள். கடலோர உப்புக்காற்றில் டாப்பின் பூச்சு எத்தனை ஆண்டு தாங்கும் என்று ஒரே எண் சொல்வது சரியாகாது. கடல் இல்லாத உள்மாவட்டங்களை விடக் குறைவாகத்தான் இருக்கும்.

பள்ளி மைதானத்தில் வான்காட்சி நடத்துபவர்களுக்கும் டாப்தான், ஆனால் 120 மடங்கில் வரிசையை விடாதீர்கள். வானம் மணிக்கு 15 பாகை நகர்வதால் சனி இரண்டு நிமிடத்துக்குள் பார்வையை விட்டு ஓடிவிடும். 48 மடங்கில் நாலு நிமிடம் கிடைக்கும்.

பழைய கருவி வாங்கப் போனால் டார்ச்சைப் பைனாகுலரில் முன்வில்லை வழியாகவும், டாப்பில் குழல் வாய் வழியாகவும் அடித்துப் பாருங்கள். பைனாகுலரில் பூஞ்சையின் வலைநூல் தெரிந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். டாப்பின் கண்ணாடியில் தூசி மட்டும் என்றால் விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கலாம்.