புடாபெஸ்ட் வாட்சி வீதியில் வழி கேட்டு வருகிறவர்களிடம் உஷார்

புடாபெஸ்ட் போகிறவர்கள், அதிலும் ஆண்கள் இரண்டு மூன்று பேராகப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். டான்யூப் நதியின் கிழக்குக் கரையான பெஸ்ட் பகுதியில், வொரொஷ்மார்ட்டி சதுக்கத்திலிருந்து தெற்கே பெரிய சந்தைக் கட்டடம் வரை நீளும் கடைத்தெரு வாட்சி வீதி. அங்கே வெளிநாட்டு ஆண்களைப் பேச்சில் பிடித்து, பாருக்கு அழைத்துப்போய்ப் பணம் பறிப்பது பல வருடங்களாக நடக்கிறது. அங்குள்ள அமெரிக்கத் தூதரகம், தவிர்க்க வேண்டிய பார்களின் பட்டியலைத் தன் இணையதளத்தில் வெளியிட்டதுண்டு. என்னையும் என் அலுவலக நண்பரையும் அப்படி ஓர் இடத்துக்குத்தான் கூட்டிப்போனார்கள்.

இரவு ஒன்பது மணி இருக்கும். கையில் வரைபடத்தோடு இரண்டு பெண்கள் வந்து, ஒரு பாரின் பெயரைச் சொல்லி வழி கேட்டார்கள். தெரியாது என்றோம். நல்ல ஆங்கிலம். தாங்களும் வெளியூர்தான், ஒருத்திக்கு இன்று பிறந்தநாள், நீங்களும் வாருங்களேன் என்றார்கள். வழி கேட்ட அதே பெண்கள் வரைபடத்தைப் பிரிக்கக்கூட இல்லை. பக்கத்துச் சந்தில் திரும்பி நேராக அந்த பாரின் வாசலில் போய் நின்றார்கள்.

மெனுவின் முதல் பக்கத்தில் பீர் 2,000 ஃபோரிண்ட் (ஹங்கேரி நாணயம்) என்றிருந்தது. நாங்கள் ஆளுக்கு ஒன்று சொன்னோம். அவர்கள் பரிமாறுகிறவரிடம் ஹங்கேரிய மொழியில் ஏதோ சொல்ல, சிறிய கிளாஸில் சிவப்பாக ஒன்று வந்தது. மது வாசனையே இல்லை. அதைக் குடித்து முடிப்பதற்குள் யாரும் கேட்காமலே அடுத்த கிளாஸ் வந்தது.

பில் ஒரு துண்டுத்தாளில் கையால் எழுதப்பட்டிருந்தது. பீர் 4,000. பெண்கள் குடித்த நான்கு கிளாஸ், ஒவ்வொன்றும் 35,000. அதற்கு மேல் 15 சதவீதம் சேவைக் கட்டணம். மொத்தம் 1,65,600 ஃபோரிண்ட். நானூறு யூரோவுக்குக் குறையாது. இது என்ன கணக்கு என்று கேட்டதற்கு மேலாளர் மெனுவின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அடியில் பொடி எழுத்தில் இருந்த விலையை விரலால் காட்டினார். நிமிர்ந்து பார்த்தால் பெண்கள் இருவரையும் காணோம். கதவை அடைத்துக்கொண்டு தடித்த ஆள் ஒருவர் நின்றார். "காசு இல்லையென்றால் ஏடிஎம் பக்கத்தில்தான், நான் கூட வருகிறேன்" என்றார். அந்தக் குரலில் இருந்த மிரட்டலை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஹங்கேரியில் கடைகளின் பில் இயந்திரங்கள் வரித்துறையோடு இணையவழி இணைக்கப்பட்டவை. அதனால் நண்பர் இயந்திர ரசீதுதான் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டார். கொடுக்கவே இல்லை. போலீஸை அழைக்கிறோம் என்றோம். தாராளமாக அழையுங்கள், விலை மெனுவில் இருக்கிறதே என்றார் மேலாளர். கடைசியில் என் கார்டில் பணத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தோம். ஊர் திரும்பி வங்கியில் புகார் கொடுத்தபோது, பின் எண் போட்டுச் செலுத்திய தொகை என்பதால் திருப்பித் தர முடியாது என்று எழுதிவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

தெருவில் அறிமுகமானவர் யாராக இருந்தாலும், அவர் சொல்லும் இடத்துக்குப் போகாதீர்கள். ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும், "நல்ல கிளப் ஒன்று தெரியும்" என்கிற டாக்சிக்காரராக இருந்தாலும் சரி. இடத்தை நீங்கள் சொல்லிப் பாருங்கள். இந்தக் கூட்டம் மெல்ல நழுவிவிடும். மேசையில் மற்றவர் சொல்லும் பானத்துக்கும் விலையை மெனுவில் பார்க்காமல் தலையசைக்க வேண்டாம். கேட்காமல் வரும் இரண்டாவது கிளாஸை அப்போதே திருப்பி அனுப்புங்கள். ஏடிஎம்முக்கு ஆள் கூட வந்தால், வெளிச்சமும் நடமாட்டமும் உள்ள தெருவுக்கு வந்ததும் நின்று அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள்.

இதற்காக அந்த ஊரின் இரவையே வெறுக்க வேண்டியதில்லை. ஏழாவது வட்டாரத்தின் கசின்ட்சி வீதியில், பழைய யூதக் குடியிருப்புப் பகுதியின் சிதிலமடைந்த கட்டடங்களில் நடக்கும் ரூயின் பார்கள் இருக்கின்றன. அவற்றில் சிம்ப்ளா கெர்ட் உலகப் புகழ் பெற்றது. மறுநாள் அங்கே போனோம். கவுண்டரில் விலையைப் பார்த்து, காசு கொடுத்து, கிளாஸை நாமே வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான். டிசம்பரில் வொரொஷ்மார்ட்டி சதுக்கத்தின் கிறிஸ்துமஸ் சந்தைக்கு நம்மவர்கள் நிறையப் பேர் போகிறார்கள். வாட்சி வீதி அங்கேதான் தொடங்குகிறது. போகிறவர்கள் யாராவது தெரிந்தால் இப்போதே சொல்லிவையுங்கள்.