மரத் தரையா, மரம் போன்ற டைலா?

வெறுங்காலோடு நடந்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். மரம் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், அதனால் பாதத்துக்கு இதமாக இருக்கும். டைல் சில்லென்று இருக்கும். கண்ணுக்கு அச்சு அசல் மரமாகத் தெரிந்தாலும் கால் ஏமாறாது. படுக்கையறைக்கு நான் மரத்தைத்தான் சொல்வேன்.

தண்ணீர் என்று வந்தால் டைல்தான். அதிக வெப்பத்தில் சுட்ட, கெட்டியான போர்சலின் டைல் தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சாது. மரமோ காற்றின் ஈரத்துக்கே அகலவாக்கில் விரியும், வறண்டால் சுருங்கும். அதற்காகத்தான் சுவரோரம் 10 மி.மீ. அளவுக்கு இடைவெளி விட்டுப் பதிக்கிறார்கள். குளியலறையில் மரம் வேண்டவே வேண்டாம்.

மரத்தில் சீக்கிரம் கீறல் விழும். ஆனால் 18 முதல் 20 மி.மீ. தடிமனுள்ள முழு மரப் பலகையைப் பலமுறை தேய்த்து, பாலிஷ் போட்டுப் புதுசாக்கலாம். மெல்லிய மரத்தோல் ஒட்டிய பலகைக்கு அந்த வசதி குறைவு. டைல் லேசில் கீறாது. உடைந்தால் பெயர்த்து மாற்ற வேண்டியதுதான். ஒரு பெட்டியாவது கூடுதலாக வாங்கி வையுங்கள், அப்புறம் அதே நிறம் கிடைப்பது கஷ்டம்.

சரி, டைல் என்று முடிவானால் பதிக்கும் விதத்தைக் கவனியுங்கள். நீள டைல்கள் நடுவில் மிக லேசாக வளைந்திருக்கும். செங்கல் போலப் பாதிக்குப் பாதி தள்ளிப் பதித்தால், ஒரு டைலின் மேடான நடுப்பகுதி பக்கத்து டைலின் தாழ்ந்த முனைக்கு அருகில் வந்து, ஓரங்கள் காலில் தட்டும். மூன்றில் ஒரு பங்கு மட்டும் தள்ளுங்கள். டைல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை அடைக்கும் பூச்சும் டைலின் நிறத்திலேயே இருக்கட்டும். வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் மரத்தின் தோற்றமே போய்விடும்.