நிமிர்த்தி வைத்த இரண்டாவது மானிட்டர்: நான்கு வருட அனுபவம்

டிடிபி (கணினியில் புத்தகப் பக்கம் அமைக்கும்) வேலை செய்யும் தோழி நேற்றுக் கேட்டாள்: "நீ வச்சிருக்கியே அந்த 24 இன்ச் மானிட்டர், இப்ப விலை குறைஞ்சிருக்கு. ரெண்டாவதா ஒண்ணு வாங்கிடட்டுமா?" போனில் சொல்லி முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

நான் மெய்ப்புப் பார்ப்பவள். இடது திரை வழக்கம்போலப் படுக்கை வாட்டில். அதில் ஆசிரியர் கொடுத்த மூலம். வலது திரை செங்குத்தாக. அதில் டிடிபியிலிருந்து வந்த பிடிஎஃப். நிமிர்த்தினால் அகலம் 11.7 அங்குலம், உயரம் 20.7. டெமி சைஸ் (ஏ4-ஐவிடச் சிறிய, வழக்கமான புத்தக அளவு) பக்கம் ஒன்றரை மடங்கு பெரிதாக, தலைப்பிலிருந்து பக்க எண் வரை முழுசாக நிற்கும். வரி விடுபட்டது, பத்தி உடைந்தது, ஒற்றை வரி மட்டும் அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்பட்டது எல்லாம் உருட்டாமலே கண்ணில் படும். முன்பு ஒரே திரையில் ஆல்ட்-டேப் தட்டித் தட்டி மாறுவேன். எந்த வரியில் விட்டேன் என்று தேடுவதே தனி வேலை. அந்த வேதனை ஒழிந்தது. இதற்காகவே அந்த மானிட்டரைக் கொண்டாடுவேன்.

ஆனால், புள்ளி.

முதல் வருடம் முழுக்க வலது திரையில் மட்டும் எழுத்தோரத்தில் சிவப்பும் நீலமும் கசிந்தன. கண்தான் கெட்டுவிட்டதென்று கண்ணாடிகூட மாற்றினேன். விஷயம் வேறு. எல்சிடியின் ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலக் கோடுகள் பக்கம் பக்கமாக நிற்கின்றன. அதை நம்பித்தான் விண்டோஸின் கிளியர்டைப் எழுத்தைக் கூராக்குகிறது. திரையைத் திருப்பினால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகிவிடும். கிளியர்டைப்போ பழைய கணக்கிலேயே போகும். நான் பிடிஎஃப் திறக்கும் அக்ரோபேட்டும் இதே வழியில்தான் எழுத்தைக் கூராக்குகிறது. அக்ரோபேட்டின் பேஜ் டிஸ்ப்ளே பகுதியில் ஸ்மூத் டெக்ஸ்ட் என்பதை 'மானிட்டர்' என்று மாற்றியதும் நிறம் போயிற்று. கூடவே கூர்மையும் கொஞ்சம் போயிற்று.

அந்த மங்கல் இன்றுவரை தீரவில்லை. இந்த அளவுத் திரையில் 1080பி (1920க்கு 1080 பிக்சல்) என்றால் அங்குலத்துக்கு 92 பிக்சல்தான். 'கண்' என்பதற்கும் 'கண' என்பதற்கும் நடுவே இருப்பது ஒரு புள்ளி. 10 பாயின்ட் எழுத்தில் அது தூசி மாதிரி கிடக்கிறது. பெரிதாக்காமல் தீராது. டெமிக்கு அது பரவாயில்லை. ஏ4 ஆய்வேடு வந்தால் ஒன்றரை மடங்கில் அகலமே 12.4 அங்குலம், திரையை மீறிவிடும். முழுப் பக்கம் தெரியவேண்டும் என்று நிமிர்த்திய திரையில் ஒவ்வொரு வரிக்கும் இடம் வலம் தள்ளிக்கொண்டிருந்தால் கோபம் வராதா? போன மாதம் ஓர் ஆய்வேட்டில் இரண்டு புள்ளிகள் தப்பி அச்சேறிவிட்டன. இன்னும் மனசு ஆறவில்லை. டெமி புத்தகம் எதிலும் இப்படி ஆனதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அதனால் வாங்காதே. எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். காசு சேர்த்து 27 இன்ச் 4கே வாங்கு. அங்குலத்துக்கு 163 பிக்சல், புள்ளி, புள்ளியாகவே தெரியும். ஐபிஎஸ் பேனலா (பக்கவாட்டில் பார்த்தாலும் அதிகம் மாறாத திரை வகை), ஸ்டாண்டு செங்குத்தாகத் திரும்புமா என்று கேட்டு வாங்கு. பார்க்கும் கோணம் மாறினால் வெளிச்சம் மாறும் டிஎன் பேனலை நிமிர்த்தினால் இரண்டு கண்ணுக்கும் இரண்டு விதமான வெளிச்சம், தலை வலிக்கும்.

என் பழையதைக் கேட்காதே. தரமாட்டேன். நாளைக்கு 340 பக்க நாவல் வருகிறது, டெமி சைஸ்.