இதயத்துடிப்பு பொம்மை நாய்க்குட்டியைத் தூங்க வைக்குமா?

கடந்த டிசம்பரில், விருதுநகர்ப் பக்கம் ஒரு விவசாயி வீட்டிலிருந்து, எட்டு வாரம் நிறைந்த சிப்பிப்பாறை இனப் பெண் நாய்க்குட்டி ஒன்றை மதுரையில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். புது இடத்தில் இரவெல்லாம் அழும் என்று பலரும் எச்சரித்திருந்ததால், அதற்கென்றே இணையத்தில் விற்கப்படும் இதயத்துடிப்பு பொம்மையை ஒரு வாரம் முன்னதாகவே 2,350 ரூபாய் கொடுத்து வாங்கி வைத்திருந்தேன். ஏறக்குறைய ஒரே அமைப்பில் பல பெயர்களில் இது விற்பனைக்கு வருகிறது. ஆகவே நிறுவனத்தின் பெயரை விட்டுவிட்டு, பொருளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

படுத்திருக்கும் நாயின் வடிவில் ஒரு பஞ்சு பொம்மையும், அதன் வயிற்றுப் பைக்குள் வைப்பதற்கு எலுமிச்சை அளவில் ஒரு பிளாஸ்டிக் கருவியும், உறையைப் பிரித்தால் தானாகச் சூடேறும் இரண்டு வெப்பப் பொட்டலங்களும் பெட்டியில் இருந்தன. இரண்டு ஏஏஏ பேட்டரிகளில் ஓடும் அந்தக் கருவி, தாயின் நெஞ்சுத் துடிப்பைப் போல விட்டுவிட்டு அதிர்கிறது. பிறந்ததிலிருந்து தாயின் வயிற்றோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் குவியலாகத் தூங்கிப் பழகிய ஒரு குட்டி, ஒரே நாளில் அந்தச் சூட்டையும் அசைவையும் வாசனையையும் சேர்த்து இழக்கிறது. இவற்றில் முதல் இரண்டை இந்தப் பொம்மை தர முயல்கிறது. வாசனையைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

உறைக்காததோடு நில்லாமல், புதுப் பொருளாயிற்றே என்று பொம்மையை மணமூட்டிய சோப்புத் தூளில் நன்றாகத் துவைத்தும் வைத்துவிட்டேன். முதல் இரவு குட்டி அதை முகர்ந்து பார்த்து, இரண்டு முறை தும்மிவிட்டு, அது படுக்க வைத்திருந்த அட்டைப்பெட்டியின் எதிர் மூலையில் போய் ஒடுங்கிக்கொண்டது. பதினொரு மணிக்குத் தொடங்கிய அழுகை நிற்கவில்லை. கருவியின் அதிர்வு டைல்ஸ் தரையில் பட்டு வீடு முழுக்கக் கேட்டதால், அம்மா எழுந்துவந்து ஃப்ரிட்ஜ் பழுதாகிவிட்டதா என்று கேட்டார். ஒரு மணிக்குக் குட்டியைத் தூக்கிப் பால்கனியில் விட்டபோது அது உடனே சிறுநீர் கழித்தது. அதன்பின் கொஞ்ச நேரம் அடங்கியது. அந்த வயதில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அவற்றால் அடக்க முடியாது. அழுகையில் பாதி அதற்காகத்தான் என்பது புரிந்ததும், மறுநாளிலிருந்து ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் அலாரம் வைத்துக்கொண்டேன். தடுப்பூசிகள் முடியாத குட்டியைத் தெருவில் இறக்கினால் பார்வோ என்னும் கொடிய வைரஸ் நோய் தொற்றும் அபாயம் உண்டு என்பதால், செய்தித்தாள் விரித்த பால்கனியே போதும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள், பழைய பருத்தித் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு மறுபடியும் அந்த விவசாயி வீட்டுக்குப் பேருந்து ஏறினேன். தாய் நாயின் வயிற்றிலும் குட்டிகள் படுத்திருந்த சாக்கிலும் துண்டை நன்றாகத் தேய்த்துப் பைக்குள் முடிந்துகொண்டபோது, "ஒரு துண்டுக்காகவா சார் இவ்வளவு தூரம் வந்தீக?" என்று அவர் சிரித்தார். அன்றிரவு துண்டைப் பொம்மைக்குச் சுற்றிப் பெட்டியில் வைத்ததும், குட்டி அதைச் சுற்றிச் சுற்றி வந்து, மூக்கைத் துணி மடிப்புக்குள் நுழைத்தபடியே தூங்கிப்போனது. ஆனால் அன்றுதான் பெட்டியைக் கூடத்திலிருந்து என் கட்டிலருகே மாற்றி, ஒரு கையையும் உள்ளே தொங்கவிட்டிருந்தேன் என்பதால், முழுப் பெருமையையும் துண்டுக்கே கொடுத்துவிட முடியாது.

ஆகவே ஆறாம் இரவு துண்டை வைத்துத் துடிப்பை நிறுத்திப் பார்த்தேன். குட்டி வழக்கம்போல் தூங்கியது. எட்டாம் இரவு துண்டை எடுத்துவிட்டுத் துடிப்பை மட்டும் ஓடவிட்டேன். இருபது நிமிடம் அழுதது. ஒரே ஒரு குட்டியை வைத்து எதையும் அறுதியிட்டுச் சொல்வதற்கில்லை என்றாலும், விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் துடிப்புதான் எங்கள் வீட்டில் மிகக் குறைவாக உதவியது. இரண்டாம் வாரத்தில் பெட்டியை நாளுக்கு இரண்டடியாகக் கட்டிலிலிருந்து விலக்கிக் கூடத்துக்குக் கொண்டுபோன நாட்களில், இடையில் விழித்த குட்டி பொம்மையின் மேல் தலையை வைத்து மறுபடி உறங்கியதைப் பார்த்தேன். அந்த அளவுக்கு அதற்குப் பங்கு உண்டு. "அழட்டும், ரெண்டு நாள்ல அடங்கிடும்" என்று சொன்ன பெரியவர்கள் வளர்த்த நாய்கள் முற்றத்தில் மற்ற நாய்களோடு படுத்தவை. பூட்டிய கூடத்தில் தனியாகக் கிடக்கும் குட்டிக்கு அந்த அறிவுரை பொருந்துமென்று எனக்குத் தோன்றவில்லை.

வெப்பப் பொட்டலங்களை நான் பிரிக்கவே இல்லை. அவற்றுக்குள் இருப்பது காற்றுப் பட்டால் சூடாகும் இரும்புத் தூள். பல் முளைத்துக் கண்டதையெல்லாம் கடிக்கும் குட்டி அதைக் கிழித்து விழுங்கினால் இரும்பு நஞ்சாகிவிடும். சிப்பிப்பாறை ஒல்லியான உடலும் குட்டை முடியும் கொண்ட இனமாதலால் டிசம்பர் இரவுக்குச் சூடு தேவைதான். அதற்கு, பெட்டிக்கு அடியில் சாக்கை மடித்துப் போட்டு, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஓர் ஓரத்தில் வைத்தோம். சூடு அதிகமானால் விலகிப் படுக்க மறு ஓரத்தில் இடம் விட்டிருந்தோம். மே மாதத்தில் குட்டி வாங்குபவர்களுக்கு இந்தக் கவலையே இராது.

பெரிய குறை பைமூடியில் இருக்கிறது. வெறும் வெல்க்ரோவால் மூடப்படும் அந்தப் பையை மூன்றாம் வாரத்தில் குட்டி பல்லால் இழுத்துத் திறந்து, திருகாணி இல்லாத கருவியின் மூடியையும் கழற்றி, ஒரு பேட்டரியை வாயில் வைத்திருந்தது. விற்றவர்களுக்கு எழுதியதற்கு, புதிய கருவியைப் பாதி விலைக்குத் தருவதாகப் பதில் வந்தது. நான் பையை ஊசிநூலால் தைத்துவிட்டேன். பத்து நாளுக்கு ஒருமுறை பேட்டரி மாற்றத் தையலைப் பிரிக்க வேண்டும் என்பது தனித் தொல்லை.

ஐந்துக்கு இரண்டரை மதிப்பெண் தருவேன். எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கக் கூடாது என்று மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அவசரப்பட்டு ஐந்து வாரக் குட்டியைத் தூக்கிவந்துவிட்டு இந்தப் பொம்மையை நம்புவதில் பயனில்லை. எங்கள் குட்டிக்கு இப்போது நான்கு மாதம் ஆகிறது, இரவு முழுக்கத் தூங்குகிறது, பொம்மையைத் தேடுவதில்லை. அடுத்த மாதம் குட்டி எடுக்கவிருக்கும் அலுவலக நண்பர் கேட்டதால், பொம்மையை வெறும் வெந்நீரில் அலசிக் காயவைத்துக் கொடுத்தேன். பேட்டரி போடுவதற்கு முன்னால் அதை ஒரு வாரம் தாய் நாயின் படுக்கையில் போட்டு வைக்கும்படியும் சொல்லியிருக்கிறேன்.